ராணி செத்த வாரத்தில் நெவில் சக்டனின் அடக்கம்

ராணி செத்த அதே வியாழக்கிழமை, அதே சாயங்காலம், பார்ன்ஸ்லிக்குப் பக்கத்துச் சுரங்க ஊர் ஒன்றில் நெவில் சக்டனும் செத்துப்போனார். இரண்டு சாவில் எது பெரிது என்று கேட்டால் அவர் மனைவி டொரீனிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

மறுநாள் காலை ரொட்டிக் கடையில் கல்லாவில் இருந்த பெண்ணிடம், "எல்லாம் முடிஞ்சு போச்சும்மா" என்றாள். அந்தப் பெண் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"ஆமாங்க. ராத்திரி முழுக்க டிவி முன்னாடி அழுதுக்கிட்டே இருந்தேன். ஆனா தொண்ணூத்தாறு வயசு, கல்யாணச் சாவுதான்."

"எழுபத்து மூணு. நான் என் புருஷனைச் சொல்றேன்."

பெண்ணின் கை ரொட்டியோடு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். டொரீனுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தால் எந்தச் சேனலைத் திருப்பினாலும் ராணிதான். வினாடிவினா இல்லை, கால்பந்து இல்லை. பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் சமையலறை மேஜையில் உட்கார்ந்துகொண்டு தொலைக்காட்சிக்காரர்களுக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். நெவிலோடு முப்பது வருடம் பூமிக்கடியில் கரி வெட்டியவர். சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகியும் சங்கச் செயலாளர் என்கிற மிடுக்கு மட்டும் மூடவில்லை.

"இது நாலாவது புகார், டொரீன். ராணி எப்படி டீ குடிப்பாங்கன்னு ஒருத்தன் முக்கால் மணி நேரம் பேசுறான். நாளைக்கு மழை வருமான்னு சொல்ல ஒரு நாதியில்ல. நெவில் இருந்தா டிவியைத் தூக்கித் தெருவுல போட்டிருப்பான்."

"போட்டுக் கிழிச்சாரு. திட்டிக்கிட்டே ஒண்ணு விடாம பார்த்திருப்பாரு."

டெஸ்மண்ட் அடுத்த வரியை எழுதத் தொடங்கினார்.

திங்கட்கிழமை அடக்க ஏற்பாட்டாளர் கூப்பிட்டார். அடுத்த திங்களுக்குக் குறித்திருந்த அடக்கம் அன்றைக்கு நடக்காது, ராணியின் இறுதிச் சடங்குக்கு நாடே விடுமுறை, குழி வெட்டக்கூட ஆள் வராது. வேண்டுமானால் இந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஏற்கெனவே மூன்று சாவு இருக்கிறது, நாலாவதாக நுழைத்துவிடலாம்.

"அந்தம்மாவை வாழ்த்துற தேசிய கீதத்துக்கு ஒரு நாளும் எழுந்து நிக்காத மனுஷன்யா! செத்த பிறகு வழிவிட்டு ஒதுங்கி நிக்கணுமா?" என்று கத்தினாள். கத்தி என்ன செய்ய? வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

லண்டனில் இருந்த ஒரே மகள் லோர்னாவுக்குச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை லீவு கிடைக்காதும்மா" என்றாள் லோர்னா. பொய் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஆனால் டொரீன் கேட்கவில்லை. காரணம் ஊருக்கே தெரிந்ததுதான்.

எண்பத்து நாலில் ஒரு வருடம் நடந்த வேலைநிறுத்தத்தில், பதினோராவது மாதம், ஸ்டான் மெல்லர் என்பவன் போலீஸ் காவலோடு வேலைக்குப் போனான். அன்றிலிருந்து அவன் கருங்காலி. அந்தக் குடும்பத்தோடு முப்பத்தேழு வருடமாக ஊரில் யாரும் பேசியதில்லை. ஏதாவது சாவு வீட்டுக்கு அவர்களில் ஒருவர் வந்தால் சங்கத்து ஆண்கள் மொத்தமாகத் திரும்பி முதுகைக் காட்டி நிற்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் லோர்னா காதலித்துக் கட்டிக்கொண்டது அந்த ஸ்டான் மெல்லரின் மகன் கிரெய்க்கை. அப்பா வேலைக்குப் போனபோது அவனுக்கு இரண்டு வயது. நெவில் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

வியாழன் மத்தியானம் டொரீன் தனியாக இருந்தாள். டிவியில் லண்டனில் அஞ்சலிக்குத் திறந்துவிட்ட பெரிய மண்டபம், நடுவில் ராணியின் பெட்டி, இரண்டு பக்கமும் மணிக்கணக்காக வரிசையில் நின்ற ஜனங்கள் வந்து தலைகுனிந்து போய்க்கொண்டே இருந்தார்கள். பேச்சில்லை, விளம்பரமில்லை. ஒரு பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது அந்த வாரம் அவளுக்குத் தோதாகவே இருந்தது.

நீல மழைக்கோட்டில் ஒருத்தி வந்து நின்றாள். குனிந்தாள். நிமிர முடியாமல் தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பின்னால் நின்ற யாரோ ஒரு பெரியவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவள் திரும்பினாள்.

லோர்னா.

டீக்கோப்பை டொரீன் மடியில் கவிழ்ந்தது. சுட்டதுகூட உறைக்கவில்லை. அப்பன் சாவுக்கு லீவு இல்லை, ராணி பெட்டியைப் பார்க்க லீவு உண்டு! போனை எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். எட்டாவது தடவைதான் லோர்னா எடுத்தாள்.

"எத்தனை மணி நேரம்டி நின்னே?"

"பார்த்தியாம்மா?"

"நாடே பார்த்துச்சு. எத்தனை மணி நேரம்?"

"ஒம்பது."

"உன் பேர்கூடத் தெரியாத கிழவிக்கு ஒம்பது மணி நேரம். பெத்தவனுக்கு இருபது நிமிஷம் கிடையாதா? அவரு இதைப் பார்த்திருந்தா இன்னொரு தடவை செத்திருப்பாரு!"

"அம்மா, நான் வந்தா கிரெய்க் வராம இருக்க மாட்டான். அவன் வந்தா டெஸ் மாமாவும் மத்தவங்களும் என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? அப்பா பெட்டிக்கு முன்னாடி முதுகைக் காட்டி நிப்பாங்க. சங்கத்துக்காரங்க தூக்கிட்டுப் போகணும்னுதானே அவரு ஆசைப்பட்டாரு? அது நல்லபடியா நடக்கட்டும்னுதான் வரல. ஆனா எங்கயாவது அழணும் இல்ல? வரிசையில பக்கத்துல நின்னவங்ககிட்ட அப்பா போயிட்டாருன்னு சொன்னேன். யாரும் நீ யார் வீட்டு மருமகள்னு கேக்கல. ஆளுக்குப் பாதி சாண்ட்விச் குடுத்தாங்க."

டொரீன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் மகளைத் தன் வீட்டு இழவுக்கு வரவிடாமல், முன்பின் தெரியாதவர்களிடம் போய் அழவைத்த ஊரில்தான் ஐம்பது வருடம் குடித்தனம் செய்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"ரெண்டு பேரும் வாங்க. காலையில முதல் ரயில்" என்றாள்.

சாயங்காலம் டெஸ்மண்டிடம் நேராகச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"வழக்கம் உனக்குத் தெரியும், டொரீன். நெவிலே முதுகைக் காட்டி நின்னிருக்கான், சொந்த மச்சான் சாவுல."

"தெரியும். உங்க முதுகு, உங்க இஷ்டம். அவரு பார்க்கப் போறதில்ல. நான் பார்ப்பேன்."

டெஸ்மண்ட் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை தேவாலய வாசலில் சங்கத்துக் கொடியோடு இருபத்தைந்து ஆண்கள். பெட்டியை வண்டியிலிருந்து இழுத்துத் தோளில் ஏற்றியிருந்தார்கள், அவர்களில் ஆறு பேர். முன்பக்கம் இடது மூலையில் டெஸ்மண்ட், அவருக்கு எதிரில் இன்னொரு பழைய சங்கத்துக்காரர் ஆர்னால்ட். அப்போதுதான் டாக்ஸி வந்து நின்றது. லோர்னாவும் பின்னாலேயே கிரெய்க்கும் இறங்கினார்கள்.

சரளைக்கல்லில் காலணிகள் நறநறவென்று அரைபட்டன. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கொடியும் திரும்பியது. "கருங்காலிக் குடும்பத்தோட நான் நடக்க மாட்டேன்" என்று ஆர்னால்டும் தோளை விலக்கிக்கொண்டு போய் முதுகைக் காட்டினார். ஏற்பாட்டாளர் பதறினார். அவருடைய ஆட்கள் எல்லாரும் முந்தைய சாவிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். தூக்கியாயிற்று, ஒரு மூலை தொங்கியது, பெட்டி சரிந்தது. டொரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிரெய்க் ஓடிவந்து தோளைக் கொடுத்தான்.

பெட்டி நின்றது. ஆனால் அப்படியே நடக்க முடியாது. பெட்டிக்கு அடியில் எதிரெதிரே இருப்பவர்கள் கை நீட்டி ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டால்தான் பாரம் நழுவாது. கிரெய்க்கின் கை டெஸ்மண்டின் தோளில் போய் விழுந்தது. அவர் கொதிநீர் பட்டதைப் போல விறைத்தார். அவருடைய கை தொங்கியபடியே இருந்தது. "கீழ வெச்சிடலாமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். டெஸ்மண்டின் கழுத்து நரம்பு புடைத்தது.

பிறகு அவர் கை மேலே வந்தது. கிரெய்க்கின் கோட்டைக் கொத்தாகப் பிடித்தது.

"எடது கால் முதல்ல வை, தம்பி," என்றார். "மூணு படி இருக்கு."

டொரீன் லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். முதுகைக் காட்டி நின்றவர்கள் யாரும் டெஸ்மண்டின் அந்தப் பிடியைப் பார்க்கவில்லை.