காய்ச்சல் விட்ட பிறகு

கல்குவாரிக் கூலிகளின் வீட்டு வரிசையில் உப்பு இல்லாத வீடு இருக்கலாம், மாத்திரை டப்பா இல்லாத வீடு கிடையாது. வெட்டிப்போட்ட பள்ளங்களில் தண்ணீர் தேங்கும், அதில் கொசு கொழிக்கும். யாராவது குளிரில் நடுங்கிப் படுத்தால் சுகாதார நிலையத்து சிஸ்டர் வந்து விரலில் குத்திப் பார்த்து, மலேரியா என்று மாத்திரை கொடுப்பார். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக்கூடாது என்று தொண்டை வறளச் சொல்வார். எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். காய்ச்சல் விட்ட கையோடு மிச்ச மாத்திரை டப்பாவுக்குள் போய்விடும். அடுத்து விழுகிறவனுக்கு வேண்டாமா? இந்தப் புத்திசாலித்தனத்துக்கு மட்டும் அங்கே பஞ்சமே இல்லை.

ஜல்லி உடைக்கும் ஒருத்திக்கு ‘சிக்கனம்’ என்றே பேர். புருஷன் மிச்சம் வைத்த மாத்திரையைத்தான் மகளுக்குப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தாள். நெற்றி குளிர்ந்தது. உடனே நிறுத்திவிட்டு, மீதியை டப்பாவில் போட்டாள்.

காய்ச்சல் திரும்பி வந்தபோது மகளுக்கு அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. கை கால் வெட்டி இழுத்தது. தோளில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள்.

சிஸ்டர் ஜீப்புக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஊசி போட்டார்.

"இதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா? மாத்திரை முழுசா குடுத்தியா? அத வச்சுத்தான் பெரிய ஆஸ்பத்திரியில மருந்து முடிவு பண்ணுவாங்க."

"முழுசா குடுத்தேன் சிஸ்டர்."

வெட்கம் பொல்லாதது. பிள்ளை உயிருக்குப் போராடும்போதும் அது வாயைப் பொத்திவிடும்.

அதற்குள் சேதி கேட்டு வரிசையே திரண்டு வந்துவிட்டது. ஆளுக்கொரு டப்பா. பக்கத்து வீட்டு அக்கா எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். பெற்ற பாசத்துக்குக் குறையாத பாசம் அது. யாரும் முழுசாக விழுங்காத மாத்திரைகளைப் பார்த்த சிஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நினைவில்லாத பிள்ளைக்கு மாத்திரை இறங்காது என்று மட்டும் சொன்னார்.

"பொய் சொல்லிட்டேன் சிஸ்டர்," என்றாள் சிக்கனம். "அவரு மிச்சம் வச்சதத்தான் குடுத்தேன், காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டேன்."

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு முதலில் எழுதியிருந்த சீட்டை சிஸ்டர் கிழித்துப்போட்டு வேறு எழுதிக் கொடுத்தார்.

ஜீப்பில் அக்காவும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வெகு தூரம். மகளின் உடம்பு மடியைச் சுட்டது. இந்தச் சூடு இறங்கட்டும் என்று வாய் ஓயாமல் வேண்டிக்கொண்டே வந்தாள் சிக்கனம். பாதி வழியில் வெட்டி இழுப்பது நின்றது. கொஞ்ச நேரத்தில் சூடும் இறங்கத் தொடங்கியது.

அக்கா எட்டி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, காய்ச்சல் விட்டுடுச்சு."

சிக்கனம் மகளின் பாதத்தைத் தொட்டாள். அதுவும் கல்லாய்க் குளிர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் சுடட்டும் என்று அந்தப் பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.