யாரும் கை காட்டாமல்

கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறேன், இருபத்திரண்டு வருடமாக. ஆறு மாதமாக இடது கை திடீர் திடீரென்று மரத்துப்போகிறது. கழுத்தில் ஒரு இழுப்பு வரும், அப்புறம் ஐந்து விரலும் இருக்கிற இடமே தெரியாது. கிரேனைச் சுழற்றுகிற லீவர் இடது கையில்தான். கீழே நின்று, சுமை எங்கே போக வேண்டும் என்று கை காட்டுகிறவன் என் மனைவியின் ஒரே தம்பி. இதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கேபினிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

சட்டைப் பொத்தானோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து மனைவி கண்டுபிடித்துவிட்டாள். டாக்டரிடம் போகச் சொன்னாள். டாக்டர் என்றால் எழுத்தில் வந்து கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே! யோகாவுக்குப் போகிறேன் என்று பேரம் பேசினேன். ஒரு மாதம் கெடு வைத்தாள்.

"அதுக்குள்ள சரியாகலன்னா தம்பிகிட்ட நானே சொல்லிடுவேன்" என்றாள்.

தெருக்கோடி மண்டபத்தில் இரண்டு வகுப்புகள். ஆறு மணிக்கு வேக யோகா, ஏழரைக்கு நாற்காலி யோகா. நாள் முழுக்க நாற்காலியில்தானே கிடக்கிறேன், அதற்குத் தனியாக வகுப்பு வேறா என்று வேக யோகாவில் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் திமிர்தான்.

மூன்றாம் நாள், தோளைத் தரையில் ஊன்றிக் காலை மேலே தூக்கச் சொன்னார் மாஸ்டர். புதியவர்கள் சுவரோரம் போய்ச் செய்யலாம் என்றும் சொன்னார். நான் போகவில்லை. தூக்கினேன். அவர் பின்வரிசைக்குப் போய் யாரையோ திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாங்களே இறங்கினார்கள். என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லையே! எங்கள் தொழிலில் கீழே இருப்பவன் கை காட்டாமல் சுமை இறங்காது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், அப்படியே நின்றேன். கழுத்து எரிந்தது. கை போயேபோய்விட்டது. பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தேன். எல்லாரும் இறங்கிய பிறகும் ஏன் நின்றீர்கள் என்று மாஸ்டர் கேட்டார். நான் பாயைச் சுருட்டினேன். அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நாற்காலிக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த அம்மா முன்பு நர்ஸாக இருந்தவர். ஒன்று, இரண்டு என்று எண்ணவே மாட்டார்.

"கையைத் தூக்குங்க. எப்பப் போதும்னு தோணுதோ, அப்ப வாய்விட்டு 'போதும்'னு சொல்லிட்டு இறக்குங்க. நான் சொல்ல மாட்டேன்."

மற்றவர்கள் சுலபமாகச் சொன்னார்கள். நான் அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். முதல் நாள் கடைசி ஆளாகத் தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா எதிரே வந்து சும்மா நின்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கடைசியில் ஏதோ திட்டுவதுபோல 'போதும்' என்று கத்தினேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

மூன்று வாரத்தில் கழுத்து இலகுவானது. கை ஒருமுறைகூட மரக்கவில்லை. தப்பித்தோம் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை, இரண்டு டன் கம்பிக் கட்டு அந்தரத்தில். இடப்பக்கம் சுழற்றச் சொல்லி மைத்துனன் கை காட்டிக்கொண்டிருந்தான். காற்று வேறு. கொத்தனார்கள் தலைக்கு மேல் போகாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாதிச் சுழற்சியில் விரல்கள் காணாமல்போயின.

சுமை அந்தரத்தில் தொங்கும்போது இதற்கு முன் மூன்று முறை இப்படி ஆகியிருக்கிறது. மூன்று முறையும் வலது கையைக் குறுக்கே கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் காட்டிய இடத்திலேயே கொண்டுபோய் இறக்கினேன். யாருக்கும் தெரியாது. இந்த முறையும் வலது கை தானாகக் குறுக்கே போனது. கீழே அவன் மஞ்சள் தொப்பி, அவனைச் சுற்றி ஏழெட்டுத் தலை.

"போதும்" என்றேன். கேபினில் என்னைத் தவிர யாரும் இல்லை.

வலது கையால் லீவரை மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தேன். சுமை ஆடி அடங்கும்வரை மூச்சே விடவில்லை. அடியில் வெறும் மணல்தான் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினேன். அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேலே பார்த்தான். வாக்கி-டாக்கி கரகரத்தது.

"என்ன மாமா? நான் இறக்கச் சொல்லலயே?"

"கை மரத்துப்போச்சு மாப்ள. இன்னிக்கு மட்டும் இல்ல. ஆறு மாசமா இப்படித்தான்."

கம்பிக் கட்டின் கொக்கியைக்கூட யாரும் கழற்றவில்லை.

"ஆறு மாசமா கீழ நின்னது நான்தானே மாமா" என்றான்.

வாக்கி-டாக்கியை அணைத்தேன். விரல்களில் உணர்வு திரும்பியதும், அவன் முகத்தைப் பார்க்க, அறுபது மீட்டர் ஏணியில் இறங்க ஆரம்பித்தேன்.