பிளஸ் மைனஸ் பூஜ்யம்

மருந்துத் தொழிற்சாலையின் தர ஆய்வாளரம்மா போனில் கேட்ட கேள்வி, தராசுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அந்த ஆய்வகத்துக்கு மென்பொருள் எழுதியவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"பன்னிரண்டு தராசுக்கும் பிழை வரம்பு பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே, உங்க ஆய்வகத்துல கடவுளா வந்து அளக்குறாரு?"

அவள் மென்பொருளைத் திறந்து பார்த்தாள். 0.004 கிராம் என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டுவிட்டு, அச்சிடும்போது இரண்டு தசம இடத்தோடு நறுக்கி 0.00 ஆக்கியிருந்தது. எல்லாம் அவள் கைவண்ணம்தான்.

"பூஜ்யம்னா பார்க்க நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று மழுப்பினார் ஆய்வக மேலாளர்.

"நல்லாத்தான் இருக்கு சார், ஆனா பொய். தப்பே பண்ணாத தராசு இனிமேதான் பொறக்கணும்."

அன்றே திருத்தினாள். தவற்றை ஒப்புக்கொள்ளும் கடிதத்தோடு பன்னிரண்டு புதிய சான்றிதழ்கள் போயின. வாடிக்கை கைவிட்டுப் போயிற்றென்று மேலாளர் இரண்டு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் வாரம் தொழிற்சாலை வண்டி வாசலில் வந்து நின்றது. இந்த முறை நாற்பது தராசுகள். 'எவ்வளவு பிசகலாம் என்பதை ஒளிக்காமல் சொன்ன ஒரே இடம் உங்களுடையது' என்று ஆய்வாளரம்மா சீட்டு எழுதியிருந்தார்.

முதல் பெட்டியைத் தானே தூக்கி வந்த மேலாளர், அவள் மேசைப் பக்கம் குனிந்தார்.

"வேற எங்கயாவது பூஜ்யம் ஒளிஞ்சிருக்கான்னு கொஞ்சம் தேடிப் பாரும்மா."