குதிரைக் கழுத்து மணி

காரைக்குடிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி கௌபாய் கதை எழுதுகிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். துர்காதேவிக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு குதிரையில் வந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். செம்மண், முள்ளுக்காடு, சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊர், மண்டையைப் பிளக்கிற வெயில். அட, இது நம்ம ஊர்தானே என்று பத்து வயதிலேயே அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கணவன் சிங்கப்பூரில். கண்டனூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில், பிறந்த வீட்டில், அம்மா காளியாயியோடும் தம்பி முத்துக்கண்ணன் குடும்பத்தோடும் இருந்தாள். அதுவரை பதினோரு காதல் நாவல் எழுதியிருந்தாள். பன்னிரண்டாவதுக்கு மதுரைப் பதிப்பாளர் சிவபிரகாஷ் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பழைய காலத்துக் கதை மேடம். குதிரை வேணும், காதல் வேணும், சாமி வேணும். படிச்சு முடிச்சா மனசுக்கு ஒரு தெம்பு வரணும். முக்கியமா, கல்யாணத்துலதான் முடியணும். கதாநாயகிப் புள்ளையச் சாகடிச்சுப்புடாதீங்க."

குதிரை என்றதும் துர்காவுக்குப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

அந்த வீட்டுச் சாமி அறையில், உத்திரத்திலிருந்து கயிற்றில் ஒரு ஓலைப்பெட்டி தொங்கும். அதற்குள் இருப்பது வீட்டின் கன்னிச்சாமி. பெயர் அழகி. துர்காவின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தங்கை, பதினேழு வயதில் கல்யாணம் ஆகாமலே காய்ச்சலில் போனவள். அப்படிப் போன பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியை இறக்கி, புதுப் பாவாடை சட்டை வைத்துப் படைப்பார்கள். பெட்டிக்குள் கண்ணாடி வளையல்களோடு ஒரு சின்னப் பித்தளை மணியும் கிடக்கும், குதிரைக் கழுத்தில் கட்டுகிற மாதிரி. இது ஏன் இங்கே என்று சின்ன வயதில் கேட்டதற்கு அப்பாவிடம் கன்னத்தில் வாங்கினாள். கதை பிறந்தது அந்த அறையில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படையல் அன்றைக்கு அழகி காளியாயி மேல் இறங்குவாள். பேச்சே இருக்காது. புதுப் பாவாடையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்ப்பாள், பிறகு பிய்த்து எறிந்துவிட்டுத் தரையில் கிடந்து அழுவாள். வருசாவருசம் இதேதான். உடுப்புப் பத்தவில்லை என்று வீட்டார் முடிவு கட்டி, அடுத்த வருசம் இன்னும் பெரிதாகத் தைப்பார்கள். போன வருசம் டெய்லர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது ஆளுக்கா, தேருக்கா?" என்று கேட்டான். அந்த வருசம் காளியாயி விழுந்ததில் பின்மண்டையில் நான்கு தையல். இருதயமும் சரியில்லை, இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமி கும்பிடாமல் விடவும் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. அடுத்த மாசியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

எழுத வேறு இடம் இல்லாமல் அவள் மேசையைச் சாமி அறையில் போட்டிருந்தாள், பெட்டிக்கு நேர் கீழே. கதாநாயகனுக்கு வீரணன் என்று பெயர் வைத்து முதல் வரி எழுதிய அன்றைக்கு மேலே மணி ஒரு தடவை அடித்தது. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது.

"எலியா இருக்கும்க்கா," என்றான் முத்துக்கண்ணன்.

எலிதான் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அது என்ன எலியோ, வீரணன் என்று எழுதும்போது மட்டும் ஓடியது. பெயரை அடித்துவிட்டு வெறுமனே 'அவன்' என்று எழுதினால் சத்தம் இல்லை. மூன்று நாள் சோதித்துப் பார்த்தாள். நான்காம் நாள் மடிக்கணினியை மூடிவிட்டு, அந்த மணி எந்த வீட்டுக் குதிரையுடையது என்று விசாரிக்கக் கண்டனூருக்குக் கிளம்பினாள்.

கண்டனூரில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு ஒன்றின் காவலாளி, அந்தக் காலத்தில் அந்த வீட்டுக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவரின் வாரிசு கோவிலூர் போகிற வழியில் இருப்பதாகச் சொன்னான். பெயர் சேவுகன், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. துர்கா லீவு போட்டுவிட்டுத் தேடிப் போனது தை அமாவாசை அன்றைக்கு. செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைத்திருந்தார்கள். அப்பா அம்மாவுக்கு இரண்டு இலை. கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக, இன்னும் இரண்டு.

"அது யாருக்குய்யா?"

"எங்க சின்னத்தாத்தா தங்கச்சாமிக்குத் தாயி. அவுகதேன் குதிரைக்காரவுக."

"பக்கத்துல இருக்கறது?"

"அது அவுக சம்சாரத்துக்கு. ஒரு நாளு சம்சாரம்." கிழவர் இலையில் ஊர்ந்த எறும்பை ஊதித் தள்ளினார். "அழகின்னு பேரு."

துர்கா அந்த இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க வேத்தாளுக, வேத்து சாதி. அவ வீட்டுல ஒத்துக்கிடல. ஐயனார் கோயில்ல வச்சுக் கட்டிக்கிட்டாக. தாலிக்குப் பொன்னுக்கு எங்குட்டுப் போறது? குதிரைக் கழுத்துல மூணு மணி கெடந்துச்சு. ஒண்ணை அவுத்து மஞ்சக் கயித்துல கோத்துக் கட்டுனாக. மறுநாக் காலையில அண்ணங்காரன் வந்தான். வீட்டுல வச்சு முறையாச் செஞ்சு வைக்கிறோம், வா ஆத்தான்னு நயமாப் பேசிக் கூட்டிட்டுப் போனான். கூப்புட்டு விடுவாகன்னு சின்னத்தாத்தா குதிரையோட ஊரு எல்லையிலேயே நின்னாக. பொழுது சாய, புள்ள காய்ச்சல்ல போயிருச்சுன்னு ஆளு வந்து சொன்னான். காலையில சிரிச்சுக்கிட்டு நடந்து போன புள்ளைக்கு என்ன தாயி காய்ச்சல்?"

அவர் மாடக்குழியிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டு பித்தளை மணிகள். வாயோரம் மூன்று வரிக்கோடு. மூன்றாவதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அதுக்கப்பறம் அவுக வேற கல்யாணமே பண்ணிக்கிடல. சாகுற வரைக்கும் சாயங்காலமானா அந்த எல்லைக்குப் போயி நின்னுட்டுத்தேன் வருவாக. ஆமா, நீங்க எந்த ஊரு தாயி?"

"காரைக்குடி," என்று பொய் சொன்னாள் துர்கா. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. புரியப் புரிய அடிவயிற்றிலிருந்து ஓர் ஆத்திரம் கிளம்பியது. கொன்றிருக்கிறார்கள். கொன்ற பயத்தில் சாமியாக்கியிருக்கிறார்கள். அதிலும் கன்னிச்சாமியாக்கி, நடந்த கல்யாணத்தை நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். யாரோ ஒருத்தி, பெற்ற தாயாகத்தான் இருக்கும், மனசு கேட்காமல் அந்த மணியை மட்டும் பெட்டிக்குள் போட்டிருக்கிறாள். ஒரு வீட்டுச் சம்சாரத்துக்கு நூறு வருசமாகப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்து, பத்தலையா, இன்னும் பெரிசாத் தைக்கிறோம் என்று கூத்தடித்திருக்கிறோமே! எப்பேர்ப்பட்ட குடும்பம்!

வீட்டுக்கு வந்ததும் வீரணனை அழித்துவிட்டுத் தங்கச்சாமி என்று எழுதினாள். மணி அடிக்கவில்லை. அந்த அமைதிதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மாசி வெள்ளிக்கு முந்தின நாள் காரைக்குடியில் ஓர் அரக்குக் கண்டாங்கிச் சேலையும் மஞ்சள் கயிறும் வாங்கி வந்து தம்பியிடம் விசயத்தைச் சொன்னாள். அழகிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அந்த மணிதான் தாலி, கொன்றது நம் ஆட்கள் என்று மட்டும். அண்ணன்காரன் என்ன சொல்லிக் கூட்டி வந்தான் என்பதை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதுவரை வேறு யாரிடமும் அதை அவள் சொல்லியிருக்கவும் இல்லை.

முத்துக்கண்ணன் குதித்தான். "கன்னிச்சாமிக்குத் தாலியா? கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? யாரோ எவரோ சொன்னதைக் கேட்டுக்கிட்டு நம்ம கொள்ளுத்தாத்தாவைக் கொலைகாரராக்குறே! வயசுக்கு வந்த மக ஒருத்தி என் வீட்டுல இருக்கா. அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீயா வந்து நிப்பே?"

"அம்மாவுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீ என்னடா செய்வே?"

அவன் சேலையையும் கயிற்றையும் பிடுங்கிச் சாமி அறைப் பரண்மேல் எறிந்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டி இறங்கியது. ஒற்றை இலையில் படையல். காளியாயி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாம்பிராணி போட்டதும் அவள் தோள் குலுங்கியது. பாவாடையை எடுத்தாள், இடுப்பில் வைத்தாள், எறிந்தாள். எழுந்தாள், சாய்ந்தாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்தது. "அம்மா!" என்று முத்துக்கண்ணன் பாய்ந்து தாங்கினான்.

துர்கா யோசிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து சேலையையும் கயிற்றையும் இழுத்தாள். அம்மாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். பெட்டிக்குள் கைவிட்டு மணியை எடுத்து, மஞ்சள் கயிற்றில் கோத்து, அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

காளியாயியின் அழுகை நின்றது. மணியைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். தானே அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். பிறகு, தன்னைத் தாங்கியிருந்த மகனை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருசத்தில் முதன்முறையாக அழகி வாய் திறந்தாள்.

"ஏண்ணே, வீட்டுல வச்சு முறையாச் செஞ்சு வைக்கிறோம்னுதானே கூட்டியாந்தீக?"

சின்னப் பெண்ணின் குரல். குறை சொல்கிற குரல்கூட இல்லை. நிஜமாகவே விவரம் கேட்கிற குரல்.

சேவுகன் சொன்ன வார்த்தை, ஒன்று மாறாமல். முத்துக்கண்ணனுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் அவன் முகம் வெளுத்துவிட்டது. கேட்கப்பட்டவன் தான்தான் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"தப்புத்தான் தாயி," என்றான். "தப்புத்தான்." பெற்ற தாயின் காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கொஞ்ச நேரத்தில் காளியாயி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். வழக்கம்போல அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. "இவன் ஏன்டி அழுகுறான்? யாரு வாங்குனா இந்தச் சேலையை? நல்லாருக்கே," என்றாள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

துர்கா நடந்ததை நடந்தபடியே கடைசி அத்தியாயமாக எழுதி, சேவுகன் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் தம்பிக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினாள். மூன்றாம் நாள் காலையில் சிவபிரகாஷ் கூப்பிட்டார். காளியாயிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். முத்துக்கண்ணன் எதிரே உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"பிரமாதம் மேடம். சொன்ன மாதிரியே கல்யாணத்துல முடிச்சிட்டீங்க. பொண்ணு இருக்கு, தாலி இருக்கு, அண்ணன் அழுகுறான், எல்லாம் சரி. ஆனா மாப்பிள்ளையக் காணோமே? அவரு எங்க?"

துர்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவுகளை எங்க வீட்டுல யாருமே கூப்பிடலை சார்."

மறுமுனையில் அவர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். முத்துக்கண்ணன் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தான்.

"அக்கா, தாம்பாளத்தை எடு. வெத்தலை பாக்கு வை. அந்தச் சேவுகன் ஐயா வீடு எங்குட்டு இருக்கு? நூறு வருசமாயிருச்சு. பாவம், அவுக இன்னும் எம்புட்டு நாளைக்கு நம்ம ஊரு எல்லையிலேயே நிப்பாக?"