பத்து நாற்பதைத் தாண்டிய வியாழக்கிழமை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும்போதெல்லாம் பாளையங்கோட்டையில் மறுபடியும் காலை ஆறு மணி ஆகிவிடும். ஆறு மணிக்கு யார் எங்கே இருந்தார்களோ அங்கே திரும்பப் போய்விடுவார்கள். நடந்தது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊரில் யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. இட்லிக் கடையில் மாவு நிறைந்துவிடும், சாப்பிட்டவர்களுக்கும் திரும்பப் பசிக்கும்.

அந்த வியாழக்கிழமைதான் சங்கடமாகப் போயிற்று. பக்கத்து வீட்டுச் சொர்ணவல்லி அக்காவுக்கு அன்று பதினொரு மணிக்குப் பதிவுத் திருமணம். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை ஞானதுரை, பார்சல் ஆபீசில் மூட்டை எடை போடுகிறவர். பதினொரு வருடம் யோசித்துச் சம்மதம் சொன்ன மனிதர். கம்ப்யூட்டரோ பத்து நாற்பதுக்கு அணைந்து எழுந்தது.

ரிப்பேர் பார்க்கிற பிலோமினாவைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து, விசிறியில் அடைந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். பத்து நாற்பதுக்கு ஆறு மணி ஆயிற்று. தூசி பழைய இடத்துக்குப் போயிருந்தது.

"சூடு காரணம் இல்லைக்கா" என்று மூன்றாவது காலையில் சொல்லிக்கொண்டே வந்தாள். மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினாள். அன்று சார்பதிவாளரும் மனம் இரங்கி, பத்தரைக்கே நோட்டைத் திறந்திருக்கிறார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். ஞானதுரை பேனா மூடியைக் கழற்றும்போது ஆறு மணி ஆகிவிட்டது.

நான்காவது காலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகத்தில் மழித்த தாடி மறுபடி முளைத்திருந்தது.

"டீச்சர், இது வேண்டாம்னு மேலிருந்து சொல்லுதோ என்னமோ."

"மேலிருந்து ஒண்ணும் சொல்லல. இவ வீட்டுக் கம்ப்யூட்டர்தான் சொல்லுது" என்றார் அக்கா. "நீங்க போய் முகத்தை மழிச்சிட்டு வாங்க."

அவர் போனதும் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "பதினொரு வருஷம் இன்னொரு தடவை என்னால காத்திருக்க முடியாது பிலோமினா" என்றார்.

பிழை வந்தால் தானாக எழ வேண்டாம் என்று கம்ப்யூட்டரில் ஓர் அமைப்பு உண்டு. பிலோமினா அதைப் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிழையைச் சொல்லும் நீலத் திரை வரவில்லை. பொட்டென்று அணைந்து எழுந்தது. ஆறு மணி.

"பிடிச்சிட்டேன்" என்று ஐந்தாவது காலையில் ஓடி வந்தாள். "உள்ளே எந்தப் பிழையும் இல்லை. கரண்ட் குடுக்கிற பெட்டிதான் போயிருக்கு."

மணி எட்டு இருபது. கடை திறக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றதும் அக்கா முகம் வாடியது. "கடைக்காரர் வீட்டுக்கே போறேன்" என்று பிலோமினா கம்ப்யூட்டரை அணைத்தாள். நாமாக அணைத்தால் மணி நகராது. மறுபடி போடும்வரை அப்படியே நிற்கும். அவள் ஜங்ஷனுக்கு பஸ்ஸில் போய், கடைக்காரரை எழுப்பிப் புதுப் பெட்டி வாங்கி வந்து மாட்டினாள். பஸ்கள் ஓடின, எட்டு இருபது ஓடவில்லை. கொடியில் கிடந்த துணிகள் காயாமல் காத்திருந்தன.

எல்லோரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். நான் மட்டும் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தேன். பத்து நாற்பது வந்தது. விசிறிச் சத்தம் சீராக இருந்தது. பத்து நாற்பத்தொன்று. தெருவில் யாரோ கை தட்டினார்கள். பதினொன்று ஐந்துக்கு போன் அடித்தது.

"போட்டுட்டாருடி" என்றார் அக்கா. "இனிஷியல்கூட யோசிக்காமப் போட்டாரு."

மத்தியானம் இருவரும் மாலையோடு வந்தார்கள். சான்றிதழை ஸ்கேன் செய்து துபாயில் இருக்கும் அக்காவின் தம்பிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஸ்கேனர் மூடியைத் திறந்தேன். மத்தியானங்களில் எப்போதும்போல உள்ளே கடல் ஏற்றமாக இருந்தது. "கொஞ்சம் உள்வாங்கட்டும்" என்றார் ஞானதுரை. மூவரும் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டோம். நாலு மணிக்கு ஈர மணல் தெரிந்ததும், நண்டு இல்லாத இடமாகப் பார்த்துச் சான்றிதழை வைத்து மூடினேன்.