சுப்பராயலு மேல் கட்டிய பிராது

இந்தக் காலத்தில் வண்டி ஓட்டுகிறவன் காதில் செல்போன்தான் இருக்கிறது. இறங்குகிற பிள்ளை தரையில் கால் வைத்ததா என்று எவன் பார்க்கிறான்? சாமிக்கண்ணு குமராட்சி முழுக்க இதையே சொல்லித் திரிந்தார். போன வருஷம் சுப்பராயலு தன் மினிபஸ்ஸை அவசரமாக எடுத்ததில், இவர் பேத்தி இளமதி விழுந்து முழங்கால் எலும்பு விரிசல் விட்டுப்போனது. எலும்பு கூடிவிட்டது. வலி போகவில்லை. பத்தாவது படிக்கிற பெண், பாதி நாள் படுக்கையில் கிடந்தாள்.

"கடலூர்ல படம் புடிச்சிட்டு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஒண்ணுமில்லாமயா அழுவுறா?" என்று சிதம்பரத்து டாக்டரம்மாவிடம் சண்டைக்கு நின்றார். கூட வந்த மருமகள், இளமதியின் அம்மா அமராவதி, தலையில் அடித்துக்கொண்டாள்.

"வலி நெசந்தான் பெரியவரே. எலும்பு ஆறிடுச்சு, மூளை ஆறல. பயமும் தூக்கமில்லாததும் சேர்ந்தா ஒடம்பு முறுக்கிக்கும், வலி ஜாஸ்தியாவும்." டாக்டர் இளமதியிடம் திரும்பினார். "உனக்கு என்னம்மா பயம்?"

அவள் தாத்தாவைப் பார்க்காமல் சொன்னாள். "சுப்பராயலு மாமா மேல கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிகிட்ட பிராது கட்டுனோம். தாத்தாவுக்கு எழுத வராது, என்னையே எழுத வச்சாரு. அவுரு கால் வெளங்காம போவணும்னு சீட்டுல எழுதி, நானே சாமி வேல்ல கட்டுனேன். போன மாசம் அவுரு பையன் வழுக்கி வுழுந்து கால ஒடச்சிக்கிட்டான். என்னாலதான். கண்ண மூடுனா அவந்தான் வர்றான்."

"பாத்தியா, சாமி கேட்டுடுச்சு!" சாமிக்கண்ணுவின் முகம் மலர்ந்தது.

"மொதல்ல அந்தப் பிராத வாபஸ் வாங்குங்க. அப்புறந்தான் நான் குடுக்குற பயிற்சி வேலை செய்யும்."

"அவன சும்மா வுட்டுடச் சொல்றியாம்மா?"

"வாங்கு தாத்தா," என்றாள் இளமதி. "இல்லன்னா நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன்."

"சரி, திங்கக்கெழம போய் வாங்கித் தொலைக்கிறேன்," என்றார் சாமிக்கண்ணு.

பஸ் ஸ்டாண்டில் சுப்பராயலுவின் மினிபஸ்தான் நின்றிருந்தது. இளமதி கம்பியைப் பிடித்து மெல்ல ஏறி உட்காரும்வரை அவன் காத்திருந்தான். "நீங்களும் ஏறுங்க மாமா," என்றான் சாமிக்கண்ணுவிடம்.

"ஒன் வண்டியில ஏர்றதுக்குப் பாடையில ஏறிடுவேன்டா!"

அமராவதி ஜன்னல் வழியே கெஞ்சினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிற காட்டுமன்னார்கோயில் ரோட்டில் நடந்தார். பிராதை வாங்கிவிடலாம், பிள்ளைக்காக. வயிற்றெரிச்சலை எவன் வாங்குவான்? பயந்தால் முழங்கால் வலிக்குமாம். படித்துவிட்டால் எதையும் சொல்லலாம்போல. மினிபஸ் அவரைத் தாண்டிப் போனது. அவர் காறித் துப்பிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.