மாலைக் காய்ச்சல்

வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நெட்டையக்கா தன் தோளை மாட்டின் பின்தொடையில் கொடுத்து அழுத்தினாள். மாடு அசையவில்லை. அரை டன் கனம். குளம்புகளைச் சாணச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, முன்னாலிருந்த எடை மேடையின் இரும்புத் தகட்டைச் சந்தேகத்தோடு முகர்ந்தது.

“ஏறுடி என் ராசாத்தி. ஏறி இறங்கினா தீவனம். உனக்குத் தெரியாததா?”

மறுபடி ஒரு தள்ளு. தகடு அதிர்ந்தது. பின்கதவை இழுத்துத் தாழிட்டு, முள் ஆடி நின்ற இடத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். பிறகு வாலைத் தூக்கித் தெர்மாமீட்டரை நுழைத்து இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றாள். அதையும் எழுதினாள். காது வில்லையின் எண், எடை, வெப்பம். நாற்பத்தாறு மாடுகளுக்கும் வெறும் வயிற்றில் இதை முடிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் மொத்த ஆராய்ச்சியும் குப்பைதான் என்று மேஸ்திரி அடிக்கடி சொல்வார்.

இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளுக்குச் சினைக்காலத்தில் ஒரு புதுத் தீவனம் கொடுத்தால், பிறக்கிற கன்று எத்தனை கிலோ கூடும் என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. தீவனத்தைச் செய்த கம்பெனியே அந்தக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் செலவை ஏற்றிருந்தது. அதனால் அந்த மாடுகள் வீட்டு மாப்பிள்ளைகள் மாதிரி. இருமினால் மருத்துவர் வருவார். ஒரு வேளை தீவனத்தை முழுதாகத் தின்னாவிட்டால் மறுநாளே ரத்தம் எடுப்பார்கள்.

சினை மாடுகளின் கொட்டகை நிலையத்தின் கடைக்கோடியில், முள்வேலிக்கு அப்பால் இருந்தது. வெளியிலிருந்து நோய் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று வேறு தொழிலாளர்களை விடுவதில்லை. தீவன மூட்டைகள் வாசலோடு இறங்கும். மேஸ்திரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசுவார். கொட்டகையின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறைதான் நெட்டையக்காவின் குடியிருப்பு. புருஷன் போய் ஒன்பது வருஷம். ஒரே மகள் கல்யாணமாகி ஒரு நாள் பயண தூரத்தில் இருக்கிறாள். சில நாள்களில் மாடுகளைத் தவிர வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். அவளுக்கு அது பழகிவிட்டது, அல்லது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பழகாத ஒன்று இரண்டு மாதங்களுக்கு முன் வந்தது. நானூற்றுப் பதினேழாம் எண் மாடு ஏழாம் மாதத்திலேயே சினை கலைந்து கன்றை வீசிவிட்டது. விடிகாலை. ஒற்றை ஆளாகக் கையை உள்ளே விட்டு இழுத்தாள். கையுறையின் விரல் நுனிகள் கிழிந்திருந்தன. புது உறைகள் மேஸ்திரியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. நஞ்சுக்கொடி விழவில்லை, அதையும் அவள்தான் எடுத்தாள். இன்னும் சரியாக மயிர்கூட முளைக்காத அந்த ஈரப் பொதியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் குழிவெட்டிப் புதைத்தாள். அன்று காலையே ஆய்வகப் பெண் வந்து மாட்டின் ரத்தத்தை எடுத்துப் போனாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கியது. காலையில் ஒன்றும் இருக்காது. பொழுது சாயும் நேரத்தில் முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஊறும். பிறகு உடம்பு அனலாகும். விடியும்போது பாய் நனைந்து கிடக்கும். இடுப்பும் முழங்காலும் கழன்றுவிடும் போல வலித்தன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை.

மேஸ்திரியிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

“சாயங்காலம் ஆனா காய்ச்சல் அடிக்குதுங்க. ரெண்டு நாள் லீவு குடுத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடுவேன்.”

“காலைல நல்லா இருக்க, சாயங்காலம் காய்ச்சலா? வேலை முடிஞ்சதும் வர்ற காய்ச்சல் எனக்கும்தான் வருது.” சிரித்துவிட்டு, வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு, முடியாதவங்க நின்னுக்கலாம். ஆனா நின்னா ரூமையும் காலி பண்ணணும். போறதுக்கு இடம் இருக்கா உனக்கு?”

இடம் இல்லை. மறுபடி அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரமே மகள் போன் செய்தாள். அவளுக்கும் ஏழாம் மாதம்.

“அம்மா, ஏழாம் மாசம் ஆரம்பிச்சாச்சு. அடுத்த வாரம் நான் அங்க வரட்டுமா? பத்து நாள் உன் கூட இருந்துட்டு வரேன். அவர் சரின்னுட்டார்.”

ஏழாம் மாதம் என்ற சொல்லைக் கேட்டதும் நெட்டையக்காவுக்குச் சாக்கின் ஈரம் கையில் பட்ட மாதிரி இருந்தது. தனக்கு வந்திருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

“வேணாம்மா.”

“ஏன்?”

“வேலை ஜாஸ்தி. நீ வந்தா பார்க்க முடியாது.”

“மாட்டைப் பார்க்க நேரம் இருக்கு, இல்ல?” என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள். நெட்டையக்கா கொட்டகைக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மாடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. நாற்பத்தாறு வாய்கள் அரைக்கும் சத்தத்தின் நடுவே, தான் அழுவது தனக்கே கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை ஆய்வகப் பெண் ரத்தம் எடுக்க வந்தாள். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவள். மாட்டின் கழுத்து நரம்பில் ஊசியைச் செருகிக்கொண்டே, கயிற்றைப் பிடித்திருந்த நெட்டையக்கா மற்ற கையால் இடுப்பைத் தாங்கி நிற்பதைப் பார்த்தாள். ஊசியை உருவினாள். குழாயைப் பெட்டியில் வைத்தாள். போகவில்லை.

“அக்கா, உங்களுக்கு சாயங்காலத்துல காய்ச்சல் வருதா?”

நெட்டையக்கா கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டாள்.

“மூட்டெல்லாம் வலிக்குதா? ராத்திரி வேர்த்துக் கொட்டுதா?”

“யாரு சொன்னாங்க உனக்கு?”

“யாரும் சொல்லலக்கா.” அவள் வேலிப்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அந்த நானூத்திப் பதினேழுக்கு வந்தது கன்றுவீச்சு நோய். ரத்தத்துல அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான்தான் ரிப்போர்ட் எழுதினேன். இயக்குநர் அதை வாங்கி மேசைக்குள்ள வச்சுட்டார். நோய்னு வெளியே தெரிஞ்சா மந்தையையே ஒதுக்கிடுவாங்க, ஆராய்ச்சி நின்னுபோகும். இன்னும் மூணு மாசம்தான், வாயைத் திறக்காதேன்னார். கன்று வீசின மாட்டோட தண்ணி, நஞ்சு, அதுலேருந்து இது மனுஷங்களுக்கும் வரும்.”

நெட்டையக்கா கயிற்றை விட்டுவிட்டாள்.

“என் மகளுக்கு ஏழாம் மாசம். அவ இங்க வந்திருந்தா?”

“உங்ககிட்டேருந்து அப்படியெல்லாம் லேசுல ஒட்டிக்காதுக்கா. ஆனா அவ இந்தக் கொட்டகைக்குள்ள வரவே கூடாது. மருந்து இருக்கு. ஒண்ணரை மாசம் விடாம சாப்பிடணும். சாப்பிட்டா சரியாகும். விட்டா எலும்புக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்.” ஆய்வகப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. “ரெண்டு மாசமா சொல்லணும் சொல்லணும்னு வருவேன். உங்களைப் பார்த்ததும் ஊசியை எடுத்துக்கிட்டுப் போய்டுவேன். எனக்கும் வேலை வேணும்க்கா.”

கோபம் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் மேல் அல்ல. தன்னைப் போலவே இவளும் ஒரு அறையில் ஒற்றையாக உட்கார்ந்து பயந்திருக்கிறாள் என்று தோன்றியது.

அன்று மாலை, காய்ச்சல் ஏறுவதற்கு முன்பாக, மகளுக்கு நெட்டையக்கா போன் செய்தாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். மகள் திட்டினாள், அழுதாள், மறுபடி திட்டினாள். பிறகு கேட்டாள்:

“இத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்துல உனக்கு மட்டுமாம்மா வந்திருக்கும்? யாரையாவது கேட்டியா?”

கேட்டதில்லை. அப்படிக் கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் மதியம், வருஷக்கணக்கில் முதல் முறையாக, சாப்பாட்டுத் தூக்கோடு வேலியைத் தாண்டிப் போனாள். கிடங்கின் நிழலில் தீவன மூட்டைகளின் மேல் பதினைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தீவனம் கலக்கும் அண்ணன் புருவமெல்லாம் தவிட்டுத் தூளோடு அண்ணாந்து பார்த்தார்.

“வானத்துல விமானம் போகுதேன்னு பார்த்தேன். நெட்டையம்மா! வழி தவறிட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாதென்று பயம்.

“எனக்கு ஒண்ணரை மாசமா தினம் சாயங்காலம் காய்ச்சல் அடிக்குது. விடியறப்போ பாயெல்லாம் நனைஞ்சு கிடக்கு. மூட்டு கழண்டு விழுது. இதை மறைச்சுக்கிட்டே வேலை பார்த்தேன். இங்க வேற யாருக்காவது இப்படி இருக்கா?”

சிரிப்பு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தூக்கின் மூடியை ஒருவர் சாத்தினார். தகரக் கூரையின் மேல் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தான் தன்னந்தனி ஆள்தான், திரும்பிப் போய்விடலாம் என்று அவள் நினைத்த நேரத்தில், கொட்டகைகளின் தரையைக் குழாயால் பீய்ச்சிக் கழுவும் பெண் எழுந்தாள். குழாய்க்காரி என்றால் நிலையம் முழுக்கத் தெரியும், சத்தமாகப் பேசுகிறவள். அன்று அவள் குரல் எழும்பவில்லை.

“எனக்கு இருபது நாளா இருக்கு.”

கன்று வீசியதற்கு மறுநாள், வேறு ஆளில்லாமல், அந்தக் கொட்டகைத் தரையைக் கழுவ அவளைத்தான் ஒரு நாள் அனுப்பியிருந்தார்கள்.

“எனக்கு இடுப்பு,” என்றார் தீவனக்கார அண்ணன். “வயசாச்சுன்னு நினைச்சேன். வீட்டுல கூட சொல்லலை. அந்த வாசல்ல திரும்பி வர்ற காலி மூட்டையெல்லாம் நான்தானே தூக்குறேன்.” பிறகு, அந்த வேலியோரக் குவியலிலிருந்து சாணம் அள்ளுகிறவர் கையைத் தூக்கினார். இன்னும் ஒருவர். நெட்டையக்காவோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே நோயை ஐந்து அறைகளில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

“உட்காரு நெட்டையம்மா,” என்றார் அண்ணன், மூட்டையின் மேல் தள்ளி இடம்விட்டு. “எழுந்திருக்கிறப்போ தூக்கி விடறேன். இடுப்பு போனாலும் கை இருக்கு.”

என்ன செய்வது என்று அன்று முழுக்கப் பேசினார்கள். வேலையை விட்டுவிடலாம் என்றார் ஒருவர். தீவனம் போடாமல் இருந்தால் ஓடி வருவார்கள் என்றார் இன்னொருவர். நெட்டையக்கா தலையாட்டி மறுத்தாள்.

“வாயில்லாத ஜீவன் என்ன பண்ணிச்சு? அதுங்களுக்கும்தானே நோய். தீவனம் போடுவோம், தண்ணி காட்டுவோம், சாணம் அள்ளுவோம். எடை மட்டும் போட வேணாம். நோட்டுல ஒரு எழுத்து எழுத வேணாம்.”

அடுத்த எடை நாள் விடிந்தது. எடை மேடையின் கதவு சாத்தியே கிடந்தது. பதினாறு பேரும் அதன் முன்னால் நின்றார்கள். உள்ளே மாடுகள் நேரத்துக்குத் தீவனம் தின்றுகொண்டிருந்தன. மேஸ்திரி வந்து பார்த்தார். வந்த வேகத்தில் திரும்பிப் போனார். அரை மணி நேரத்தில் இயக்குநரின் கார் வந்தது. பளபளக்கும் காலணியோடு சேற்றுக்கு முன் நின்றுவிட்டார்.

“தீவனம் போட்டுட்டீங்களா? எடை எடுக்காமலா? அஞ்சு மாச உழைப்பு. இது எப்பேர்ப்பட்ட ஆராய்ச்சின்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் ஐயா,” என்றாள் நெட்டையக்கா. “எழுதறதே நான்தான். மாட்டுக்கு அரை டிகிரி ஏறினா அந்த நோட்டுல இருக்கும். எனக்கு தினம் ஏறுது. அதை எழுத அதுல ஒரு பக்கம் இல்லை.”

“காய்ச்சல்னா மாத்திரை போட்டுக்க வேண்டியதுதானே?”

“எந்த மாத்திரைன்னு உங்க மேசைக்குள்ள இருக்கிற காகிதம்தான் சொல்லணும்.”

இயக்குநரின் முகம் மாறியது. மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். “எந்தக் காகிதம்? யார் சொன்னது?”

காரின் பின்னாலிருந்து ஆய்வகப் பெண் நடந்து வந்தாள். வெள்ளை அங்கியின் ஓரம் சேற்றில் புரள, எடை மேடைப் பக்கம் போய்க் குழாய்க்காரியின் அருகில் நின்றாள். “நான்தான் சார் சொன்னேன். ரிப்போர்ட்டும் நான்தான் எழுதினேன்.”

“உன் வேலை என்ன ஆகும்னு யோசிச்சியா?”

“ரெண்டு மாசமா அதைத்தான் சார் யோசிச்சேன்.”

“எல்லாருக்கும் ரத்தம் பார்க்கணும்,” என்றார் தீவனக்கார அண்ணன். “மருந்து நிலையமே குடுக்கணும். நோய்னு சொல்லி ஒருத்தரையும் ரூமை விட்டுக் கிளப்பக் கூடாது. பூட்டி வச்சிருக்கிற கையுறையை வெளியே எடுக்கணும். இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் எடை போடறோம்.”

“வெளியாளுங்களை வச்சு எடை போடத் தெரியும் எனக்கு.”

“வர்றவங்ககிட்ட நோயைச் சொல்லித்தான் உள்ள விடுவோம்,” என்றாள் குழாய்க்காரி. அவளுடைய பழைய சத்தம் திரும்பியிருந்தது. “சொல்லாம உள்ள விட நாங்க என்ன உங்களை மாதிரியா?”

இயக்குநர் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். நாளைக் காலைக்குள் வேலைக்குத் திரும்பாதவர்களின் பெயர் நீக்கப்படும் என்று மேஸ்திரி பிற்பகலில் ஒரு தாளைக் கொண்டுவந்து கம்பத்தில் ஒட்டினார். ஒட்டும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போகும்போது அலமாரிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து எடை மேடையின் படிகளிலும் சரிவிலும் உட்கார்ந்தார்கள். ஆய்வகப் பெண் ஒரு வெற்றுத் தாளில் எல்லோருடைய பெயரையும், காய்ச்சல் உள்ளவர்களுக்கு அது எத்தனை நாளாக என்பதையும் எழுதினாள். சுகாதார அலுவலகத்துக்குக் காலையில் தானே நேரில் கொண்டுபோவதாகச் சொன்னாள். அவர்கள் கேட்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. பதினாறாவது பெயருக்குக் கீழே அவள் தன் பெயரையும் எழுதினாள்.

பொழுது சாய்ந்தது. நெட்டையக்காவின் முதுகுத்தண்டில் அந்தக் குளிர் ஊறத் தொடங்கியது. பற்கள் கிட்டித்தன. வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தாள். அங்கே சுவர் இல்லை. குழாய்க்காரியின் தோள் இருந்தது.

“வந்துடுச்சா அக்கா?”

“வந்துடுச்சு.”

“எனக்கும் இப்பதான்.” குழாய்க்காரி தன் சேலைத் தலைப்பை இழுத்து இருவர் தோளையும் சேர்த்துப் போர்த்தினாள்.

கீழ்ப்படியிலிருந்து தீவனக்கார அண்ணன் நடுங்கும் குரலில் சொன்னார்: “சரியான நேரம் தவறாத ஆளுங்கதான் நாம. இதுக்காவது மேஸ்திரி ஒரு பாராட்டு குடுக்கணும்.”

யாரோ சிரித்தார்கள். நடுங்கிக்கொண்டே நெட்டையக்காவும் சிரித்தாள். சாணம் அள்ளுகிறவர் ஈரத்துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு படியேறி வந்தார்.